புழல் ஏரியும் அதில் வாழும் ஜீவராசிகளும்

ஏரி என்றதும் நமக்கு நஞ்சைப் பாசனமே நினைவுக்கு வரும். ஆயினும் பாசனத்துக்கென ஏற்பட்டுப் பின்னர் ஒரு மாநகரின் தாகந் தீர்க்கும் பொறுப்பை மேற்கொண்ட ஏரிகளும் உண்டு. சென்னைக்கு வடமேற்கே, திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள புழல் ஏரி அத்தகையது. இதனைச் செங்குன்றம் ஏரி என்றும் வழங்குவர்.

பூர்வ வரலாறு

1772-ல் ஏழு கிணறு ஏற்பட்டது முதல் கோட்டைக்கு அங்கிருந்து ஜலம் சென்றது. நகர மக்களோ தத்தம் கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்தனர். பின்னர் தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே அணை கட்டி, அந்நீரைச் சோழவரம் ஏரி வழியே புழலுக்குத் திருப்பினர். 1872 முதல் நகருக்குப் புழல் ஜலம் கிடைத்தது; அதனை மணற்படுகையில் வடிகட்டும் ஏற்பாடு 1914-ல்தான் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் முடிவுற்றது. 1996-ல் கிருஷ்ணா நதி நீரும் வந்து சேர்ந்தது. இன்று ஏரியின் முழுக் கொள்ளளவு 330 கோடி கன அடி, ஆழம் 21.20 அடி. இவ்வளவு இருந்தும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரி ஏறக்குறைய வறண்டது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஜலம் கொணர நேர்ந்தது.

ஏரி வாழ் உயிர்கள்

ஏரியின் ஜீவன் அதன் ஆழத்தைவிடக் கரையோரத்து ஆழமற்ற நீரிலேயே அதிகம். அங்கு சூரிய வெளிச்சம் தரையை எட்டுவதால் பாசியும் நீர்ப்பூண்டுகளும் வளர்கின்றன. அவற்றை நத்தையும் பூச்சிகளும் தின்ன, அவற்றைக் கெண்டையும் கெளுத்தியும் விராலும் தின்கின்றன. பறவைகள் தத்தம் அலகுக்கும் காலுக்கும் ஏற்ற ஆழத்தைத் தெரிந்துகொள்ளும். கொக்கு ஓரத்தில் நிற்கும். நாமக்கோழி நாணற் புதரிடையே மேயும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் நடு நீரில் மூழ்கி மீன் பிடிக்கும். கூழைக்கடா தன் பையலகால் மீனை வாரியெடுக்கும். கோடையில் நீர் சுருங்க, மீன்கள் பள்ளங்களில் நெருங்குவதால் பறவைகளும் அங்கே கூடுகின்றன.

உரத்தால் விளையும் கேடு

வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஜலம் வயலுக்கு உரமாவது குடியானவர் அறிந்ததே. எனினும் குடிநீர் ஏரியில் உரச்சத்து மிகுதல் தீமையாம். வயல்களில் அளவுக்கு மேல் இட்ட யூரியாவும் பாஸ்பேட்டும் மழையில் அடித்துச் செல்லப்பட்டால் பாசி பெருகும். வெங்காயத்தாமரை நீர்ப்பரப்பை மூடும். இரவில் பாசியும், மடிந்து அழுகும் பூண்டுகளும் நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவிட, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவித்து மடியும். ஜலத்தைச் சுத்திகரிக்கும் வேலையும் கடினமாகும்.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

1. மேலுரத்தை ஒரே தடவையில் இடாது பிரித்து இடுக. பெருமழை வரும் அறிகுறி இருப்பின் நிறுத்தி வைக்க.

2. பூச்சி மருந்துத் தெளிப்பான்களையும் டப்பாக்களையும் வரத்துக் கால்வாயில் கழுவற்க.

3. கால்வாய்க் கரையை வெட்டி வயலுடன் சேர்க்காது, இடையே புல்வரம்பு விடுக. அது வண்டலையும் உரத்தையும் ஓரளவு தடுக்கும்.

4. வெங்காயத்தாமரையைப் பூக்குமுன் வாரி, ஏரிக்குத் தொலைவில் குழியிலிட்டு மக்கச் செய்க. அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

இவை பெருஞ் செலவற்ற காரியங்கள். வீணாகும் உரத்தின் விலையும் மிஞ்சும். நகரத்தார் அருந்தும் நீரின் ஒரு பகுதி கிராமத்து வயல்வரப்பைக் கடந்தே ஏரியை அடைகிறது என்பதை நாம் மறத்தலாகாது.