மின்னிசைக்கும் ஒரு பட்டமோ?

சென்ற தைப்பொங்கலை அடுத்து வந்த ஞாயிறன்று, நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனை அவன் தந்தையார் நமது இல்லத்துக்கு அழைத்து வந்திருந்தார். பையன் உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றவன். சிறு வயது முதல் மிருதங்கம் பயின்றவன். இரண்டு ஆண்டுகளாக இசைக்குழு ஒன்றிலே திருவிழா இரவுகளில் கீபோர்ட் வாசித்து வருகிறான். கதிரையில் அமர்ந்ததும் தந்தையார் சுற்றிவளையாது விடயத்துக்கு வந்தார்.

"மாஸ்ரர், இவன் இங்கிலாந்துக்குப் போய் மின்னிசையும் வணிக இசையும் படிக்கப் போறானாம். எங்களுக்கு மிஞ்சியிருக்கிறது பத்துப் பரப்புக் காணி. பெட்டி அடிக்கிறதுக்கும் ஒரு பட்டமோ? நீங்கள்தான் புத்தி சொல்ல வேணும்."

நாம் கற்பிப்பது பௌதிகவியல். இசையில் நமக்கு உள்ளது கேள்வி ஞானம் மாத்திரமே. ஆயினும் இவ்விடயத்தை ஒட்டிய வரலாறு ஒன்று நமக்குத் தெரிந்திருந்தமையால், அதனையே இருவருக்கும் எடுத்துரைத்தோம்.

அமெரிக்காவிலே 1934இல் பிறந்த ஜோன் சௌனிங் என்பவர் தாள வாத்தியக் கலைஞர். கடற்படையின் இசைப் பள்ளியிலும் பின்னர்ப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற பின், பாரிஸ் நகரிலே நாடியா பூலான்ஜே என்னும் புகழ்பெற்ற ஆசிரியையிடம் மூன்று ஆண்டுகள் இசையாக்கம் கற்றார். 1962இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். கணினியையும் ஓர் இசைக்கருவியாகக் கொள்ளலாம் என மக்ஸ் மத்யூஸ் என்னும் பொறியியலாளர் 1963இல் எழுதிய கட்டுரை அவர் கைக்கு எட்டியது. மத்யூஸ் பணிபுரிந்த பெல் ஆய்வுகூடத்துக்கு நேரிற் சென்று, துளையிட்ட அட்டைகள் நிறைந்த பெட்டி ஒன்றுடன் திரும்பினார். அன்றைய கணினிக்கு அந்த அட்டைகளே கட்டளை. இசைத்துறையைச் சேர்ந்த இவர், பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுகூடத்திலே இரவு நேரங்களில் அமர்ந்து ஒலிகளை ஆக்கிப் பார்த்தார்.

1967இல் அவர் கண்டதை நமது பிள்ளைகளுக்கு விளக்குதல் எளிது. கமகம் நமக்குப் பழக்கமானதன்றோ! ஒரு சுரத்தைச் செக்கனுக்கு ஐந்தாறு தடவை மேலும் கீழும் அசைத்தால் அது நடுக்கமாகக் கேட்கும். சௌனிங் அந்த அசைவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். செக்கனுக்கு இருபது, முப்பது தடவை என்ற எல்லையைக் கடந்ததும் செவியால் அசைவைப் பின்தொடர இயலவில்லை. நடுக்கம் மறைந்து, முற்றிலும் வேறான ஒரு தொனி பிறந்தது! மூலச் சுரத்தின் இரு பக்கங்களிலும், அசைவின் மீடிறனளவு இடைவெளி விட்டுப் புதிய சுரங்கள் தோன்றுவதே இதற்குக் காரணம். 200 மீடிறனுடைய சுரத்தை 200 மீடிறனால் அசைத்தால் 400, 600 என ஒழுங்கான மடங்குகள் எழுந்து, ஊதுகருவியின் சாயலைத் தரும். அதே சுரத்தை 280ஆல் அசைத்தாலோ 480, 760 என மூலத்தின் மடங்குகளல்லாத சுரங்கள் எழுந்து, மணியோசை கேட்கும். முன்னர் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனி அலையை ஆக்கிக் கூட்ட வேண்டியிருந்தது. இப்பொழுதோ இரண்டு அலைகளே போதும்.

பல்கலைக்கழகம் இக்கண்டுபிடிப்பை அமெரிக்காவின் ஓகன் நிறுவனங்களுக்குக் காட்டியது. அவை ஏற்கவில்லை. யப்பானின் யமஹா நிறுவனத்திலிருந்து வந்த இளம் பொறியியலாளரோ சில நிமிடங்களில் அதன் பெறுமதியை உணர்ந்துகொண்டார். இதற்கிடையே நிகழ்ந்த வேடிக்கையைக் கேளுங்கள்: சௌனிங்குக்கு நிரந்தரப் பதவி வழங்கப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது! கணினியில் ஓசை எழுப்புவது இசைப் பேராசிரியருக்கு உரிய தொழிலா என்ற ஐயம் அங்கும் இருந்திருக்க வேண்டும். யமஹாவுடன் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னர் அவரைத் திரும்ப அழைத்தார்கள். 1975இல் இசைக்கும் ஒலியியலுக்குமான கணினி ஆய்வு நிலையம் ஒன்று அங்கே அவர் முயற்சியால் உருவாயிற்று. 1977இல் காப்புரிமை கிடைத்தது. 1983இல் வெளிவந்த யமஹாவின் 'டிஎக்ஸ் 7' என்னும் கருவி ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் விற்பனையாகி, உலகத் திரையிசையிலும் மெல்லிசையிலும் ஒலித்தது. காப்புரிமையாற் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த வருமானம் 2 கோடி டொலருக்கு மேல்.

"அந்தக் கருவியின்ர மணிச் சத்தம் எங்கட பெட்டியிலும் இருக்குது, சேர்" என்றான் பையன். அதன் பின்னே ஒரு கணக்கு உண்டென்பதை அவன் அன்றுதான் அறிந்தான்.

தந்தையார் மசியவில்லை. "அவர் பெரிய ஆள், மாஸ்ரர். ஆயிரத்தில் ஒருத்தர். மற்ற ஆக்கள் என்ன செய்தவை?" என்றார். நியாயமான வினாவே.

வணிக இசை என்ற பெயரிலேயே பட்டப்படிப்பு வைத்த பல்கலைக்கழகங்கள் உண்டு. இலண்டனிலுள்ள வெஸ்ற்மினிஸ்ரர் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. பாடல் ஆக்கல், ஒலிப்பதிவு, பதிப்புரிமை, ஒப்பந்தம் முதலியன இத்தகைய படிப்பில் இடம்பெறுகின்றன. இவற்றுள் ஒலிப்பதிவை ஒரு நல்ல கலையகத்தில் உதவியாளனாக இருந்தும் பழகலாம் என்பது நமது துணிபு. பதிப்புரிமையும் ஒப்பந்தமும் அப்படியல்ல. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் இசையமைப்பாளனின் உரிமையை அவன் இறந்து எழுபது ஆண்டுகள் வரை காக்கிறது. அதனை அறியாது தன் மெட்டைச் சில ஆயிரம் ரூபாவுக்கு எழுதிக் கொடுத்துவிடும் இளைஞர்கள் நம்மூரில் இல்லையென்று யார் சொல்வார்?

இருப்பினும், பதினெட்டு வயதில் காணியை விற்றுக் கடல் கடக்கும்படி நாம் சொல்லவில்லை. நமது அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் கட்டணமில்லை. பையனின் பெறுபேற்றுக்குப் பொறியியற் பீடம் கிட்டக்கூடும். அலைகளைப் பகுத்தும் தொகுத்தும் பார்க்கும் கணிதம் அங்கே முறையாகக் கற்பிக்கப்படுகிறது. மின்னிசையின் அத்திவாரமும் அதுவே. கணக்கும் இசையும் ஒட்டா எனச் சிலர் சொல்வர். விஞ்ஞானப் பட்டதாரியான சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட யாழ் நூலைப் புரட்டினால், நரம்புகளின் அளவும் சுருதிகளின் விகிதமும் கணக்காகவே விரிந்து கிடப்பதைக் காணலாம்.

இன்னொன்றையும் பையனுக்குச் சற்றுக் கடுமையாகவே கூறினோம். கீபோர்ட் கைக்கு வந்தபின் அவன் மிருதங்கத்தைத் தொடுவதில்லையாம். சௌனிங் கணினியை அணுகுமுன்னே முழு இசைக்கலைஞராயிருந்தார். பெட்டி எந்த ஓசையையும் தரும். எந்த ஓசை வேண்டும் என்பதை வாசிப்பவன் செவியன்றோ சொல்ல வேண்டும்? பட்டம் பெற்று நான்கைந்து ஆண்டுகளின் பின்னும் ஆசை தணியாதிருந்தால், புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்து மேற்படிப்புக்குச் செல்லட்டும் என்றோம். அவன் முகம் வாடியது. நாம் தன் பக்கம் பேசுவோம் என எண்ணி வந்திருப்பான்போலும்.

தந்தையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் மகன் பக்கம் திரும்பி, "அந்த யப்பான்காரனுக்குச் சில நிமிசத்தில் விளங்கினதாமே, அதை எனக்கும் ஒருக்கால் விளங்கப்படுத்து, பார்ப்பம்" என்றார்.

பையன் முற்றத்திலிறங்கி, ஓர் ஈர்க்கை எடுத்து, மணலில் முதலாவது அலையை வரையத் தொடங்கினான். நாம் தேநீர் சொல்வதற்காக உள்ளே சென்றோம். திரும்பி வந்தபோது தந்தையாரும் குந்தியிருந்து, இரண்டாவது அலை எங்கே வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.