கால்வாய் நீரில் ஒரு கணக்கெடுப்பு

ஹடப்சர் வழியே செல்லும் முத்தா கால்வாயின் கரையில் ஞாயிறு காலை நடப்பது எங்கள் கிளை அலுவலர் சிலரின் வழக்கம். நீர் தேங்கிய ஓரங்களில் மெல்லிய கால்களை அகல விரித்து, நீர்ப்பரப்பின்மேல் சறுக்கி ஓடும் பூச்சிகளை அங்கு அடிக்கடி காண்கிறோம். காண்போர் பலரும் அவற்றைச் சிலந்தி என்றே கொள்கின்றனர். முன்னங்கால்கள் குட்டையானவை; இரையைப் பற்றுவதற்காக முகத்தருகே மடங்கியிருப்பவை. ஆகவே நான்கு கால்களே கண்ணில் படுகின்றன. உண்மையில் ஆறு கால்கள். மூட்டைப்பூச்சி அடங்கிய 'ஹெமிப்டெரா' வரிசையே இவற்றின் வரிசையும் ஆகும். நீரில் விழும் சிற்றுயிர்களைக் குத்தி உறிஞ்சி வாழ்கின்றன.

ஒரு ஞாயிறன்று சிறகுள்ளது, சிறகற்றது, உருவில் சிறியது என மூன்று வகைகளைக் குறித்துக்கொண்டோம். மூவகைப் பூச்சிகள் வாழ்வதால் கால்வாய் நீர் தூய்மையடைந்து வருகிறது என்று குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் எழுதவும் முனைந்தோம். நல்லவேளை, எழுதவில்லை. நூல்களைப் புரட்டியபோது மூன்றும் ஒரே இனமாய் இருத்தல் கூடும் எனத் தெரிந்தது. ஒரே இனத்தில் சிறகுடையனவும் சிறகற்றனவும் வளர்ந்த பூச்சிகளாகவே உள்ளன. சிறியது குஞ்சு, ஐந்து பருவங்களைக் கடந்தே அது முதிர்கிறது. குஞ்சின் பாதத்தில் ஒரு கணுவும் முதிர்ந்ததன் பாதத்தில் இரண்டும் இருக்கும். கையொப்பத்தின் நீளத்தை மட்டும் பார்த்து எவரும் காசோலைக்குப் பணம் கொடுப்பதில்லை. இங்கு நாங்கள் அதைத்தான் செய்தோம்.

எனில் எதைப் பார்ப்பது? முதலில் பின்தொடை. அது வயிற்றின் நுனியை நன்கு கடந்து நீண்டிருந்தால் பெரும்பாலும் 'ஜெரிடே' குடும்பம். குட்டையாயின் அதன் உறவான 'வெலிடே'. அடுத்து, தலைக்குப் பின்னுள்ள மார்பின் முற்பகுதி. பளபளக்கும் கருமையில் இரு மஞ்சள் குறிகள் இருப்பின் 'லிம்னோகோனஸ்'. நடுவில் ஒன்றே இருப்பின் 'நியோஜெரிஸ்'. இதற்கப்பால் இனத்தைத் துணிய, ஆண்பூச்சியின் வயிற்றிறுதிக் கண்டங்களை உருப்பெருக்கியில் ஆராய வேண்டும். அது வல்லுநர் வேலை.

அவ்வேலையை இந்தியாவில் டபிள்யூ. எல். டிஸ்டன்ட் 1902 முதல் 1918 வரை வெளியிட்ட நூல்வரிசையில் விரிவாகச் செய்தார். பின்னர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மையத்தைச் சேர்ந்த ஜி. திருமலை, ஜவ்வாது மலை நீர்நிலைகளின் பூச்சிகளை ஆராய்ந்தார். நீர்மேல் வாழும் இப்பிரிவுக்கு இந்திய அளவிலான பட்டியலை 2002இல் தந்தார். அதே ஆய்வகத்தின் மேற்கு மண்டல மையம் புனேயின் ஆகுர்டியிலேயே உள்ளது.

பெயர் துல்லியமாய் இருந்தாலன்றி நீரைப்பற்றி எதுவும் கூற இயலாது. மேற்குத்தொடர்ச்சி மலையின் விரைந்தோடும் ஓடைகளை நாடுவது 'டைலோமெரா'. 'லிம்னோகோனஸ் ஃபொசாரம்' அப்படியன்று. லத்தீனில் ஃபொசாரம் என்றாலே 'பள்ளங்களின்' என்று பொருள். 1775இல் அப்பெயரிட்ட ஃபப்ரிசியஸ் பொருத்தமாகவே இட்டார். குட்டை, வாய்க்கால், வயல்நீர் எதிலும் அது வாழும்; அதன் இருப்பு நீருக்கு நற்சான்று ஆகாது.

ஆனால் அது மறைவது கவனிக்கத்தக்கது. கால்களில் அடர்ந்த நுண்மயிர்கள் நனையாதிருப்பதாலும், நீரின் பரப்பு இழுவிசையாலுமே பூச்சி மூழ்காமல் நிற்கிறது. சோப்புநீர் கலந்தால் அவ்விசை குறைகிறது. கால் நனைந்து பூச்சி மூழ்குகிறது. எனவே இப்போது எத்தனை வகை என்று எண்ணுவதை விட்டு, கால்வாயின் எந்தெந்த இடத்தில் பூச்சி இருக்கிறது, எந்த வாரம் முதல் இல்லை என்று தேதியுடன் குறித்து வருகிறோம். மேலிருந்து முதுகும் பின்தொடையும் தெரிய ஒரு படமும் எடுத்துக்கொள்கிறோம்.