டிகிரி முடித்தபின் நர்ஸ் ஆகலாமா?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வந்த ஒரு தாய், மகளைக் காட்டி அங்கலாய்த்தார்: "பி.காம். முடிச்சுட்டு இப்போ நர்ஸ் படிக்கணும்கிறா. மூணு வருஷம் வீண்தானே ஐயா?"

வீணில்லை அம்மா. ஆனால் குறுக்கு வழியும் இல்லை. அமெரிக்காவில் வேறு பட்டம் வாங்கியவர்கள் ஒன்று, ஒன்றரை வருடத்தில் நர்சிங் பட்டம் பெறத் தனிப் படிப்பு உண்டு. இங்கே முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பி.எஸ்ஸி. நர்சிங் 4 வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். காமர்ஸ் குரூப்பா? ஜி.என்.எம். டிப்ளமோ இருக்கிறது, 3 வருடம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்த குரூப்பும் சேரலாம், ஆங்கிலம் படித்து 40 சதவீதம் எடுத்திருந்தால் போதும். ஆனால் சேரும் பள்ளி அறிவியல் குரூப் கேட்கலாம்; வயது வரம்பும் உண்டு. அந்த வருட விவரக் குறிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தபின், 2 வருட போஸ்ட் பேசிக் படித்தால் பி.எஸ்ஸி. பட்டமும் கிடைக்கும்.

'ஆறே மாதத்தில் நர்ஸ்' என்று போர்டு பார்த்தால் பணம் கட்டாதீர்கள். "இதை முடித்தால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா?" என்று முதலில் கேளுங்கள். பதிவு இல்லையென்றால் முறையான நர்ஸ் வேலையும் இல்லை.

நான் நாடி பார்த்து மருந்து சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். நடுராத்திரியில் காய்ச்சலை அளந்து, மருந்தளவைக் கணக்கிட்டு, குறித்து வைப்பது நர்ஸ்தான். அந்தக் கணக்குக்கு உங்கள் மகளின் பி.காம். கட்டாயம் கைகொடுக்கும்.