சூனியமும் சங்கிலியும்



சூனியம் செய்வது அழிவில் தள்ளும் ஏழு பெரும்பாவங்களுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இறைவன் நாடினாலன்றிச் சூனியக்காரரால் எவருக்கும் தீங்கிழைக்க இயலாது என்பதைத் திருமறையின் 2:102ஆம் வசனம் தெளிவாக்குகிறது.

ஆயினும், சூனியம் பற்றிய அச்சமே பல உயிர்களைப் பலிகொண்டுள்ளது. 1692இல் அமெரிக்காவின் சேலம் வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். நம் நாட்டிலும் பெண்களைச் சூனியக்காரிகள் எனப் பழிசுமத்தி வதைத்ததால், அதைத் தடுக்க 1999இல் பீகார் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது.

தமிழகத்தில் இவ்வச்சம் நோயாளிகளைப் பிணைக்கும் சங்கிலியாயிற்று. மனநோயைப் பேய் என்றும் சூனியம் என்றும் எண்ணிய குடும்பத்தார் பலர், தம் உறவினரை ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விட்டனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர்.

நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்துள்ளான் என்பது நபிவழி. கீழ்பென்னாத்தூரிலும் சுற்றூர்களிலும் வாழும் பெற்றோர்களே! உங்கள் பிள்ளை உறக்கமிழந்து தனக்குள் பேசினால், அண்டை வீட்டார்மீது ஐயுறாதீர்கள். மந்திரிப்பவரிடம் பொருளை இழக்காதீர்கள். ஃபலக், நாஸ் அத்தியாயங்களை ஓதிப் பிரார்த்தியுங்கள்; திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள்.

வல்ல நாயன் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.