வெந்நீருக்கு மின்சாரமா, எரிவாயுவா?

வெந்நீர் வைப்பது ஒரு கூட்டுறவு ஏட்டில் எழுதத்தக்க விஷயமா என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். சென்னிமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் புறக்கடையில் செப்புப் பாய்லரோ, விறகடுப்பின்மேல் அண்டாவோ இல்லாத பழைய வீடு அரிது. தோட்டத்து மக்கள் தென்னை மட்டையையும் பருத்திமாரையும் எரிப்பர். நெசவாளர் வீட்டார் விறகு வாங்குவர். இப்பொழுது அவ்விடத்தில் மின்சாரக் கீசரும் எரிவாயுக் கீசரும் வந்துகொண்டிருக்கின்றன. விலையையும் சௌகரியத்தையும் கடைக்காரரே விளக்கிவிடுவார். இவ்விரண்டில் எது காற்றைக் குறைவாகக் கெடுக்கும் என்பதை அவர் சொல்வதில்லை. அதனையே இங்கு ஆராய்வோம்.

பார்வைக்கு மின்சாரமே தூயதாகத் தோன்றும். புகை இல்லை, சுவர் கறுப்பதில்லை. இவ்வெண்ணம் நம் பகுதியில் வேரூன்றியதற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, நீலகிரியின் நீர்வீழ்ச்சி கோவை ஆலைகளை ஓட்டியது. 1937-இல் மேட்டூர் அணையிலிருந்தும் மின்சாரம் வந்தது. அந்நாளில் கம்பியின் மறுமுனையில் இருந்தது தண்ணீர். இன்றோ அதே மேட்டூரில் 1987 முதல் அனல்மின் நிலையமும் நின்று நிலக்கரியை எரித்து வருகிறது. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் 100-க்கு ஏறத்தாழ 70 பங்கு நிலக்கரியினின்று பிறப்பதே. நம் வீட்டில் காணாத புகை வேறோர் ஊரின் வானத்தில் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். நால்வர் உள்ள குடும்பம் ஒரு நாளைக்கு 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்குவதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஆகவே தேவை 1,500 கிலோகலோரி. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி தரும்; கலனில் வீணாவதையும் சேர்த்தால் 2 யூனிட் செலவாகும். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, நாட்டின் எல்லாவகை மின்சாரத்தையும் சராசரியாக்கினால் யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. கம்பியில் கழியும் இழப்பையும் கூட்டினால் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ ஆகிறது.

அதே தண்ணீரை எரிவாயுக் கீசரில் காய்ச்சினால் 170 அல்லது 180 கிராம் எரிவாயு போதும். அதிலிருந்து வரும் கரியமில வாயு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே நம் நாட்டின் இன்றைய நிலையில், வீட்டில் நெருப்பை எரிப்பது மின்சாரக் கீசரைவிட மூன்றில் ஒரு பங்கு மாசையே தருகிறது. சுத்திகரிப்பு ஆலையிலும், கப்பலிலும், லாரியிலும் ஆகும் செலவைச் சேர்த்தாலும் இந்த முடிவு மாறாது.

இது விந்தையாகத் தோன்றலாம், காரணம் எளிது. அனல் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மீதி குளிர்விக்கும் கோபுரத்தின் வழியாகவும் புகைபோக்கியின் வழியாகவும் போய்விடும். அவ்வாறு அரிதிற் பெற்ற மின்சாரத்தை நாம் மீண்டும் வெறும் வெப்பமாக்குகிறோம். மூன்று சிட்டம் நூல் வாங்கி, இரண்டை எறிந்துவிட்டு, ஒன்றைத் தறிக்குக் கொண்டுவருவதை எந்த நெசவாளர் ஒப்புவார்?

காற்றாலைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றால் பல்லடம், உடுமலைப் பக்கத்து ஆலைகள் வைகாசி முதல் ஆவணி வரை நன்கு சுழல்கின்றன. நாம் வெந்நீரை நாடுவதோ மார்கழி, தை மாதங்களில், பொழுது விடியுமுன். அப்போது காற்றும் தளர்ந்திருக்கும், வெயிலும் இராது. விலையில்லா மின்சாரம் என்பதும் புகையில்லா மின்சாரம் அன்று. 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என அரசு அறிவித்தது. மேற்சொன்ன வெந்நீர் ஒன்றே அவ்விரு மாதத்தில் 120 யூனிட் ஆகிவிடும்!

ஆயினும் இத்தீர்ப்பு எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. குளிர்காலத்தில் வீடு முழுவதையும் எரிவாயுப் பாய்லரால் சூடாக்கும் பிரிட்டன் 2024 செப்டம்பர் 30-இல் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியது. அங்கு மின்சாரத்தின் மாசு பெரிதும் இறங்கிவிட்டதால் பாய்லரைக் கைவிடுமாறு சொல்வதில் நியாயம் இருக்கிறது. கருவியன்று, கம்பியின் மறுமுனையே இவ்விஷயத்தில் பேசுகிறது.

விறகடுப்பையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். விறகில் எழும் கரியமில வாயுவை மறுபடி வளரும் மரம் ஈர்த்துக்கொள்ளும் என்பது மெய்யே. ஆனால் அடுப்படியில் நிற்கும் பெண்களின் நெஞ்சுக்குள் போகும் நுண்புகையை எந்த மரமும் ஈர்க்காது. தறி உள்ள வீட்டில் அப்புகைக்கரி வெள்ளைப் பாவிலும் படிகிறது.

நமக்கு உகந்தது வேறொன்று. அது சூரிய வெந்நீர்க் கலன். நாளொன்றுக்கு 100 லிட்டருக்குச் சுமார் 2 சதுர மீட்டர் தகடு போதும். முந்தைய நாள் வெயிலைத் தொட்டியில் சேமித்து விடியற்காலையில் தருவதே இதன் சிறப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மட்டும் துணைக்கு வேறு சூடு வேண்டும். வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் வெப்பப் பம்பு என்னும் கருவியும் உண்டு. குளிர்பதனப் பெட்டி செய்யும் வேலையே அதுவும். ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும். அதன் மாசு இன்று எரிவாயுவுக்குச் சமம். மின்சாரம் தூய்மையாக ஆக அதுவும் குறையும். எரிவாயுவின் மாசோ குறையாது. விலை அதிகமாதலால் ஒரு வீட்டைவிட விடுதிக்கும் சாயச்சாலைக்கும் அது ஏற்றது.

சாயச்சாலை என்றதும் நொய்யல் நினைவுக்கு வருகிறது. 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனநீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியதை நம் விவசாயிகள் கண்ணாரக் கண்டனர். 2011-இல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின் கழிவுநீரைச் சுத்திகரித்து, எஞ்சிய உப்புநீரைச் சுண்டக் காய்ச்சும் முறை வந்தது. அதற்கும் பாய்லர் வேண்டும், பாய்லருக்கு விறகு வேண்டும். சாயத்தொட்டிக்குப் போகும் தண்ணீரை முதலில் சூரியக் கலனில் 60 டிகிரி வரை ஏற்றிவிட்டால், மேற்கொண்டு ஏற்றவேண்டிய சூட்டுக்கு மட்டும் விறகு எரிக்கலாம். தனி ஆளுக்குப் பாரமான இம்முதலீட்டைச் சங்கங்கள் சேர்ந்து ஏற்க இயலும்.

வாங்குவோர் கவனிக்க: நம் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு மிகுதி. அது குழாயினுள் படிந்து சூட்டைத் தடுக்கும். உப்புநீர் நேரே தகட்டினுள் ஓடாதபடி வெப்பமாற்றி அமைந்த கலனையே கேட்டு வாங்குக; எந்தக் கலனாயினும் ஆண்டுக்கு ஒருமுறை கழுவச் செய்க. எரிவாயுக் கீசர் வைப்போர் அதனைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்திலேயே மாட்டுக. மூடிய அறையில் அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றி உயிரை மாய்க்கும்.