சண்டை பிடிக்கவும் ஒரு துணை வேண்டும்



தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றி ஒரு மௌலவி எழுதினால் அது கண்டனமாகத்தான் இருக்கும் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆகஸ்ட் மாதத்தில், எங்கள் தலவிலப் பாதை அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு வந்த சனத்தால் நிறைந்திருந்த ஒரு நாள், லண்டனிலிருந்து வந்த என் மச்சான் தன் கைபேசியில் ஒரு பழைய நாடகத்தைப் போட்டுக் காட்டினார். அவரே பக்கத்திலிருந்து விளக்கமும் சொன்னார்.

'வெயிட்டிங் ஃபார் காட்' என்பது அதன் பெயர். இறைவனுக்காகக் காத்திருத்தல் என்று பொருள்படும். மைக்கேல் எய்ட்கன்ஸ் எழுதிய இந்நாடகத்தை 1990 முதல் 1994 வரை பி.பி.சி. ஒளிபரப்பியது. கதை நடப்பது இங்கிலாந்தின் தென்கரையில், பேவியூ என்ற முதியோர் இல்லத்தில். டயானா என்ற மூதாட்டி ஒரு காலத்தில் உலகமெல்லாம் சுற்றிப் பத்திரிகைகளுக்குப் படம் பிடித்தவள். இப்போது அவளிடம் மிஞ்சியிருப்பது கூர்மையான நாக்கு ஒன்றுதான். அடுத்த அறைக்குக் குடிவருகிறார் டாம் என்ற ஓய்வுபெற்ற கணக்காளர். பகற்கனவில் மிதக்கும் மனிதர். இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஆனால் செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருக்கும் மேலாளர் ஹார்விக்கு எதிரே மட்டும் இருவரும் ஒரே கட்சி. (டயானாவாக நடித்த ஸ்டெஃபனி கோலுக்கு நாடகம் தொடங்கியபோது ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை என்றால் நம்புவீர்களா?)

நிகாஹ் இல்லாமலே அவ்விருவரும் நெருங்கிவிடுவது நமக்கு ஒப்பாத விஷயம். அதை நான் மறைக்கவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. டயானாவுக்கு உணவு கிடைக்கிறது, மருந்து கிடைக்கிறது, அறை சுத்தமாக இருக்கிறது. அப்படியிருந்தும் எதிர்த்துப் பேச ஓர் ஆள் வந்த பிறகுதான் அவள் முகத்தில் உயிர் வருகிறது. அதைக் கண்டதும் எனக்கு என் உம்மாவின் நினைவு வந்தது. வெட்கமும் வந்தது.

அந்த நாடகம் தொடங்கிய அதே 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில்தான் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரிலிருந்து பலர் கடல் வழியாகவே கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஓலைக்குடிசை போட்ட ஒரு மாமிக்கும் உம்மாவுக்கும் முதல் வாரத்திலேயே வாளிச் சண்டை. அப்போது நான் சிறுவன். மீன் ஆணத்துக்குக் கொறுக்காயா, பழப்புளியா என்ற வழக்கு அன்றைக்கு ஆரம்பித்து முப்பது வருடமாகியும் தீரவில்லை. அஸர் தொழுதால் மாமி வந்துவிடுவார். 2009இல் போர் முடிந்து அவருடைய பிள்ளைகளில் சிலர் மன்னாருக்குத் திரும்பினார்கள். மாமி போகவில்லை. கேட்டால் கிணற்றுத் தண்ணீரைக் காரணம் சொல்வார்.

உம்மாவுக்கு இரத்த அழுத்தம் கூடியபோது, "மாமி, கொஞ்ச நாளைக்கு வராதீங்க, உம்மா சத்தம் போடக்கூடாது" என்று நான்தான் சொன்னேன். மாமி ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். வீடு அமைதியானது. உம்மாவும் அமைதியானார். கஞ்சி பாதிக் கோப்பையோடு நின்றது. "என்ன வேணும் உம்மா?" என்றால், "ஒண்டும் வேணாம் மகன்". வயது போனால் அப்படித்தான் என்று நானும் என் மனைவியும் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

பெற்றோர் முதுமையடைந்தால் சலிப்பின் ஒரு சொல்லும் அவர்களிடம் ஆகாது என்ற குர்ஆனின் கட்டளையை மத்ரஸாவில் எத்தனையோ முறை ஓதிக்கொடுத்தவன் நான். சலிப்பாக ஒரு சொல்லும் நான் சொல்லவில்லைதான். ஹார்வியைப் போல, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, உம்மாவின் வாசலை அடைத்துவிட்டேன்.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. கவனிக்கப்படாத பெற்றோர் அதற்குரிய சபையில் முறையிட்டுப் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரலாம். நல்ல சட்டம். ஆனால் வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் இருந்தும் தன் வயதுக்காரியிடம் பேச ஏங்கும் ஒரு தாய் எந்தச் சபையில் போய் முறையிடுவாள்? சகோதரிகளே, உங்கள் மாமியாரைத் தேடி யாராவது வருகிறார்களா? கடைசியாக வந்தது எப்போது? வருபவருக்கு உங்கள் முகம் என்ன சொல்கிறது?

மச்சான் லண்டனுக்குத் திரும்பிய மறுநாள் நான் மாமி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன மகன் செய்வாய், டொக்டர் சொல்லியிருப்பார்" என்றார். டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட்டேன்.

அஸருக்குப் பிறகு வந்தார். உம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாமி நேரே குசினிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து முகர்ந்தார். "இன்னும் கொறுக்காய்தானா இந்த வீட்டில?"

உம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "வேணுமெண்டா உன் புளியை நீயே கொண்டு வா. இந்தச் சட்டியை ஆர் உன்னைத் திறக்கச் சொன்னது?"

மஃரிப் பாங்கு வரை ஓயவில்லை. என் மனைவி மூன்று தரம் தேநீர் ஊற்றினாள்.