கோடுகள் பெற்ற கண்ணீர்

1937ஆம் ஆண்டு டிசம்பர் 21. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கார்தே சர்க்கிள் திரையரங்கில் சார்லி சாப்ளின் உள்ளிட்ட திரைக்கலைஞர் பலர் கூடியிருந்தனர். அன்று திரையிடப்பட்ட படத்தில் நடிகர் எவரும் தோன்றவில்லை. தோன்றியவை யாவும் கையால் வரைந்த ஓவியங்களே. படத்தின் இறுதிப் பகுதியில், நச்சு ஆப்பிளைக் கடித்துச் சாய்ந்த இளவரசியைச் சூழ்ந்து ஏழு குள்ளர்கள் தலைகுனிந்து நிற்கின்றனர். அக்காட்சியின்போது அரங்கில் விசும்பல் ஒலி எழுந்ததை, அங்கிருந்த ஓவியர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

அவ்விசும்பலுக்காகவே அவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் உழைத்திருந்தனர். அதுவரை வந்த அசைவூட்டப் படங்கள் பெரும்பாலும் ஏழெட்டு நிமிடங்களில் முடிந்துவிடும் துணுக்குகள். எலி ஓடும், வாத்து வழுக்கி விழும், மக்கள் சிரிப்பர், பிறகு முதன்மைப் படம் தொடங்கும். வரைந்த உருவத்தைக் கண்டு சிரிக்கலாம்; அதற்காக அழ முடியுமா? 83 நிமிடம் பொறுமையாக அமர்ந்து பார்க்க முடியுமா? முடியாது என்றே திரையுலகினர் பலர் கருதினர். ‘ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ என்னும் அப்படத்திற்கு ‘டிஸ்னியின் மடமை’ என்று பட்டப்பெயரும் சூட்டினர். இரண்டரை இலட்சம் டாலரில் முடியும் என மதிப்பிட்ட செலவு, சற்றேறக்குறைய 15 இலட்சம் டாலராக உயர்ந்தது. வால்ட் டிஸ்னி தம் வீட்டை அடகு வைத்தார். அதுவும் போதாமல், முற்றுப்பெறாத படத்தை வங்கி அலுவலர் ஒருவருக்குத் திரையிட்டுக் காட்டிக் கடன் பெற்றார்.

இதனை உலகின் முதல் முழுநீள அசைவூட்டப் படம் என்று கூறுவது வழக்கம். அக்கூற்று முற்றிலும் சரியன்று. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்னும் பெண் கலைஞர், வெட்டிய நிழலுருவங்களைக் கொண்டு 1926இலேயே ‘இளவரசன் அகமதுவின் சாகசங்கள்’ என்னும் முழுநீளப் படத்தை உருவாக்கியிருந்தார். செலுலாய்டுத் தாள்களில் வரைந்து உருவாக்கிய முதல் முழுநீளப் படம் என்பதே ஸ்நோ ஒயிட்டுக்குப் பொருந்தும் பெருமை.

நடக்கக் கற்ற ஓவியம்

வாத்து எப்படி நடந்தாலும் எவரும் குறை கூறார். ஆனால், ஒரு பெண் நடப்பதை நாள்தோறும் காணும் கண், ஓவியப் பெண்ணின் நடையில் சிறு பிழை நேர்ந்தாலும் கண்டுகொள்ளும். இதனை உணர்ந்த டிஸ்னி, டான் கிரகாம் என்னும் ஓவிய ஆசிரியரைக் கொண்டு தம் ஓவியர்களுக்கு வகுப்புகள் நடத்தினார். பெயர் பெற்ற ஓவியர்களும் மாணவர்களாக அமர்ந்து மனித உடலைப் பார்த்து வரைந்தனர். திரைப்படங்களைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி அசைவுகளை ஆராய்ந்தனர். பின்னாளில் மார்ஜ் சாம்பியன் எனப் புகழ்பெற்ற இளம் நடனக் கலைஞர், இளவரசியின் உடையணிந்து ஆடியும் நடந்தும் காட்டினார். அதனைப் படம்பிடித்து ஓவியர்கள் உற்றுநோக்கினர். உடல் திரும்பிய பின்னரே பாவாடை திரும்புகிறது. கை உயருமுன் தோள் அசைகிறது. இத்தகைய நுட்பங்களை அப்படியே படியெடுத்தால் உருவம் விறைத்துப்போகும் என்பதையும் அவர்கள் கண்டனர். ஆகவே, அசைவின் சாரத்தை எடுத்துக்கொண்டு மிகுதியைக் கற்பனையால் நிரப்பினர்.

பின்புலத்திற்கும் ஆழம் வேண்டியிருந்தது. இரண்டாள் உயரச் சட்டம் ஒன்றில் கண்ணாடித் தட்டுகளை அடுக்கி, மரம், குடில், மலை ஆகியவற்றைத் தனித்தனித் தட்டுகளில் தீட்டினர். மேலிருந்து கருவி படம்பிடிக்க, தட்டுகள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தன. தொடர்வண்டியில் செல்வோருக்கு அருகிலுள்ள மரம் விரைந்தும் தொலைவிலுள்ள மலை மெல்லவும் நகர்வதுபோல் தோன்றுமன்றோ? அத்தோற்றம் திரையில் கிட்டியது.

கதையைச் சுமந்த பாடல்

பிராங்க் சர்ச்சில் இசையமைத்து, லாரி மோரி எழுதிய இப்படத்தின் பாடல்கள் கதையை நிறுத்திவைத்துவிட்டு ஒலிப்பவை அல்ல. பாழ்பட்டுக் கிடக்கும் குடிலை விலங்குகளோடு சேர்ந்து இளவரசி தூய்மை செய்யும்போது ஒரு பாடல் வருகிறது. பாடல் முடிகையில் குடில் ஒளிர்கிறது. அச்சத்தோடு காட்டினுள் ஓடிவந்த பெண் அதன் தலைவியாகிவிடுகிறாள். சுரங்கத்தில் வேலை முடித்த குள்ளர்கள் அந்தி வானத்தின் முன் வரிசையாக நடந்து பாடுகின்றனர். ஒவ்வொருவர் நடையும் ஒவ்வொரு குணத்தைச் சொல்கிறது. கடைசியாக வரும் டோப்பி மட்டும் அடி தவறி, மீண்டும் வரிசையில் சேர்கிறான். அவனுக்குப் படம் முழுவதும் ஒரு சொல்லும் இல்லை. அவனை அறிமுகப்படுத்த அத்தவறிய அடியே போதுமானதாயிற்று.

கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில் குள்ளர்களுக்குப் பெயர்கூட இல்லை. அக்கதையின் முடிவில் அரசி, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளை அணிந்து சாகும்வரை ஆடவேண்டும். குடும்பத்தோடு காணும் படத்தில் அது வேண்டாவென விடுத்து, அவள் மலைமுகட்டிலிருந்து வீழ்வதாக மாற்றினர். குள்ளர்களுக்குப் பெயரும் குணமும் வந்தன. அவர்கள் ஓசையெழச் சூப்பு அருந்தும் வேடிக்கைக் காட்சி ஒன்றை வார்டு கிம்பல் என்னும் ஓவியர் அசைவூட்டி முடித்திருந்தார். நகைச்சுவை சிறப்பாக இருந்தும், அது கதையோட்டத்தைத் தடுக்கிறது என்று டிஸ்னி நீக்கினார். பிராங்க் தாமஸ் அசைவூட்டிய துயரக்காட்சியிலோ ஏறக்குறைய அசைவே இல்லை. மெழுகுவத்தி ஒளி, அசையாத உருவங்கள், வழியும் கண்ணீர், எப்போதும் சினந்து பேசும் கிரம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவது, அவ்வளவே. அசைவைக் கற்பதற்கு ஆண்டுகளைச் செலவிட்டவர்கள், எங்கு அசைக்கக்கூடாது என்பதையும் கற்றிருந்தனர். அரங்கை அழவைத்தது அந்த அடக்கமே எனலாம்.

பெயரில்லாக் கைகள்

நொடிக்கு 24 சட்டகம் எனக் கணக்கிட்டால், 83 நிமிடத்திற்கு ஒரு இலட்சத்துப் பத்தொன்பதாயிரத்திற்கும் மேற்பட்ட சட்டகங்கள் வேண்டும். ஓவியர்கள் பென்சிலால் வரைந்தவற்றைச் செலுலாய்டில் மையால் படியெடுத்து, பின்புறம் வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கோடு இம்மி பிசகினாலும் திரையில் உருவம் நடுங்கும். இளவரசியின் கன்னச் செம்மையையும் தாள்தோறும் கையாலேயே ஏற்றினர். அசைவூட்ட ஓவியராகும் வாய்ப்பு அக்காலத்தில் பெண்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டிருந்தது. படத்தின் தொடக்கத்தில் டிஸ்னி தம் பணியாளர்க்குப் பொதுவாக நன்றி கூறுகிறார். எனினும், இப்பெண்களுள் பெரும்பாலோர் பெயர் திரையில் இல்லை. இளவரசிக்குக் குரல் கொடுத்துப் பாடிய அட்ரியானா காசலோட்டியின் பெயரும் இல்லை.

படம் பெருவெற்றி பெற்றது. 1939இல் டிஸ்னிக்குச் சிறப்பு ஆஸ்கர் விருதாக ஒரு பெரிய சிலையும் ஏழு சிறிய சிலைகளும் வழங்கப்பட்டன. இரண்டாண்டுகள் கழித்து, 1941 மே மாதத்தில், அந்நிறுவனத்தின் ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய ஏற்றத்தாழ்வும், திரையில் தம் பெயர் இடம்பெறாமையும் அவர்களுடைய மனக்குறைகளுள் அடங்கும். முன்னின்றவர்களுள் ஒருவர் ஆர்ட் பாபிட். பொறாமை கொண்ட அந்த அரசியின் உருவத்தை அசைவூட்டியவர் அவரே. தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டதால் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்த அவர், தூரிகை பிடித்த தோழர்களோடு வாயிலில் நின்றார். அவ்வாண்டிலேயே நிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது.